சிவப்புக் கூட்டணிகள் – 6: யாலு நதிக்கு அப்பால்

1950 அக்டோபர் 3. பெய்ஜிங்கில் நள்ளிரவு தாண்டியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த இந்தியத் தூதர் கே. எம். பணிக்கரை எழுப்பினார்கள். பிரதமர் சூ என்லாய் உடனே சந்திக்க விரும்புகிறார் என்று செய்தி. அந்த நேரத்தில் ஒரு தூதரை வீட்டுக்கு அழைக்கிறார்கள் என்றால் காரியம் சாதாரணமானது இல்லை என்று பணிக்கருக்குப் புரிந்தது. சூ சொன்ன செய்தி சுருக்கமானது. அமெரிக்கப் படை 38-ஆவது அட்சரேகையைத் தாண்டி வட கொரியாவுக்குள் நுழைந்தால் சீனா தலையிடும். தென் கொரியப் படை மட்டும் தாண்டினால் அது வேறு விஷயம்.

அமெரிக்காவுக்கும் மக்கள் சீனத்துக்கும் அப்போது தூதரக உறவு கிடையாது. புதிய சீன அரசை முன்னதாகவே அங்கீகரித்திருந்த இந்தியாதான் நடுவில் இருந்தது. பணிக்கரின் தந்தி டெல்லிக்குப் போனது. அங்கிருந்து லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் போனது. வாஷிங்டன் அதை மதிக்கவில்லை. பணிக்கர் சீனச் சார்பானவர், இது வெறும் மிரட்டல் என்று ஒதுக்கிவிட்டார்கள். அடுத்த சில நாட்களில் அமெரிக்கப் படைகள் எல்லைக்கோட்டைத் தாண்டின. ஒரு மாதம் ஆவதற்குள், ஓராண்டு வயதே ஆன ஓர் ஏழை நாடு உலகின் மிகப் பெரிய வல்லரசோடு நேருக்கு நேர் மோதிக்கொண்டிருந்தது.

சீனா ஏன் இறங்கியது, எப்படிப் போரிட்டது, அதன் தோழமை நாடுகள் அப்போது என்ன செய்தன என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்தப் பகுதியில் விடை தேடுவோம். இருபதாம் நூற்றாண்டின் கம்யூனிஸ்ட் கூட்டணிகள் உள்ளே எப்படி இயங்கின என்பதை கொரியப் போரைப் போல வேறு எந்தப் போரும் தெளிவாகக் காட்டவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மாஸ்கோ போட்ட கணக்கு

1950 பிப்ரவரி 14 அன்று மாஸ்கோவில் சீனாவும் சோவியத் யூனியனும் கையெழுத்திட்ட நட்புறவு, கூட்டணி, பரஸ்பர உதவி ஒப்பந்தத்தைச் சென்ற பகுதியில் பார்த்தோம். மாவோ இரண்டு மாதம் ரஷ்யக் குளிரில் காத்திருந்து பெற்ற ஒப்பந்தம் அது. ஜப்பானோ அதனோடு சேர்ந்த நாடோ தாக்கினால் ஒருவருக்கொருவர் ராணுவ உதவி செய்ய வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. கூடவே 30 கோடி டாலர் கடன், ஆண்டுக்கு ஒரு சதவீத வட்டி.

மை காய்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள் வட கொரியத் தலைவர் கிம் இல் சுங் மாஸ்கோவில் இருந்தார். தென் கொரியாவைப் படை கொண்டு இணைக்க வேண்டும் என்று அவர் 1949 முதலே கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை மறுத்துவந்த ஸ்டாலின் இந்த முறை தலையசைத்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: மாவோவின் சம்மதம் வேண்டும். நிலைமை கைமீறிப் போனால் சோவியத் படை வராது, உதவியைச் சீனாவிடம்தான் கேட்க வேண்டும் என்பது அந்த நிபந்தனையின் உட்பொருள்.

மே 13 அன்று கிம் பெய்ஜிங் வந்தார். ஸ்டாலின் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார். மாவோவுக்கு நம்பிக்கை வரவில்லை. மாஸ்கோவிடமே கேட்டு உறுதி செய்துகொண்டார். சீனத் தோழர்களும் கொரியத் தோழர்களும் சேர்ந்து இறுதி முடிவை எடுக்கட்டும் என்று மறுநாள் ஸ்டாலினிடமிருந்து பதில் வந்தது. பொறுப்பு நாசூக்காகப் பெய்ஜிங்கின் தோளுக்கு மாறியது. மாவோவால் மறுக்கவும் முடியவில்லை. சீன உள்நாட்டுப் போரில் கொரிய இனத்தவர் பல்லாயிரம் பேர் மாவோவின் படையில் சேர்ந்து போரிட்டிருந்தார்கள். 1949, 1950 ஆண்டுகளில் அந்த வீரர்களை ஆயுதங்களோடு வட கொரியாவுக்கு அனுப்பி வைத்ததும் சீனாதான்.

ஜூன் 25 அன்று வட கொரியப் படை தெற்கே பாய்ந்தது. தாக்குதல் தேதியைக் கிம் பெய்ஜிங்குக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மூன்றே நாளில் சியோல் விழுந்தது. ஆனால் ஜூன் 27 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் ஏழாவது கடற்படையைத் தைவான் நீரிணைக்கு அனுப்பினார். உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் கை ஷேக் ஒதுங்கியிருந்த தைவானைக் கைப்பற்றச் சீனா தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. கொரியாவில் வெடித்த போர் சீனாவின் கையிலிருந்து தைவானைப் பறித்தது. அந்தக் கதவு இன்றுவரை திறக்கவில்லை.

அலட்சியப்படுத்தப்பட்ட எச்சரிக்கை

மாவோ போர்க்களத்தைப் படித்த மனிதர். ஜூலையிலேயே சீனாவின் வடகிழக்கு எல்லையில் ஒரு காவல் படையை நிறுத்தினார். 38, 39, 40, 42-ஆவது ராணுவங்கள் அங்கே குவிந்தன. சீன அமைப்பில் ஓர் 'ராணுவம்' என்பது பொதுவாக மூன்று டிவிஷன். மொத்தம் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் யாலு நதிக்கரையை ஒட்டி முகாமிட்டார்கள்.

ஆகஸ்ட் 23 அன்று சூ என்லாயின் ராணுவச் செயலர்களில் ஒருவரான லெய் யிங்ஃபூ ஒரு கணிப்பைக் கொண்டுவந்தார். வட கொரியப் படை முழுவதும் தெற்கே பூசான் முனையில் சிக்கிக் கிடக்கிறது. அமெரிக்கத் தளபதி ஜெனரல் மெக்ஆர்தர் கடல்வழியாகப் பின்பக்கம் இறங்குவார். பெரும்பாலும் இன்சோன் துறைமுகத்தில்தான் இறங்குவார் என்றார். மாவோ அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு கிம்முக்குச் செய்தி அனுப்பினார். கிம் காதில் வாங்கவில்லை. செப்டம்பர் 15 அன்று மெக்ஆர்தர் இன்சோனில் இறங்கினார். இரண்டு வாரத்தில் சியோல் கைமாறியது. தெற்கே இருந்த வட கொரியப் படையின் பின்வழி அறுந்தது.

அக்டோபர் 1 அன்று மாவோவுக்கு இரண்டு பக்கமிருந்தும் அழைப்பு வந்தது. படை அனுப்புங்கள் என்று கிம் கேட்டார். ஐந்தாறு டிவிஷன்களையாவது உடனே 38-ஆவது அட்சரேகைக்கு அனுப்புங்கள், அவர்களைத் தொண்டர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஸ்டாலின் தந்தியடித்தார். தன் படையை அனுப்புவது பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பெய்ஜிங்கில் எதிர்ப்பு

சீனத் தலைமை ஒரே குரலில் போருக்குப் பாய்ந்தது என்று நினைத்தால் அது தவறு. அக்டோபர் 4, 5 தேதிகளில் கூடிய அரசியல் குழுவில் பெரும்பாலோர் தயங்கினார்கள். தயக்கத்துக்கு வலுவான காரணங்கள் இருந்தன. ஜப்பானோடு எட்டாண்டு, பிறகு உள்நாட்டுப் போர் என்று நாடு நொறுங்கிக் கிடந்தது. நிலச் சீர்திருத்தம் பாதியில் நின்றது. விமானப்படை குழந்தைப் பருவத்தில் இருந்தது, கடற்படை பெயரளவுக்குத்தான். அந்த ஆண்டு சீனாவின் எஃகு உற்பத்தி சுமார் 6 லட்சம் டன். அமெரிக்காவுக்கு அது 8 கோடி டன்னுக்கும் மேல். அமெரிக்காவிடம் அணுகுண்டும் இருந்தது. படைக்குத் தலைமை ஏற்க மாவோ முதலில் நினைத்த லின் பியாவ் உடல்நலத்தைக் காரணம் காட்டி விலகிக்கொண்டார்.

மாவோவின் வாதம் வேறு திசையில் போனது. சீனாவின் கனரகத் தொழில்களில் பெரும்பகுதி மஞ்சூரியாவில் இருந்தது. அந்தத் தொழில்களுக்கு மின்சாரம் தரும் அணைகள் யாலு நதியில் இருந்தன. நதிக்கு அக்கரையில் அமெரிக்கப் படை வந்து நிரந்தரமாக உட்கார்ந்தால், சீனா எத்தனை ஆண்டுகளுக்கு எத்தனை லட்சம் பேரை அந்த எல்லையில் நிறுத்திவைக்க முடியும்? கொரியாவில் ஒரு பக்கம், தைவானில் ஒரு பக்கம், இந்தோசீனாவில் ஒரு பக்கம் என்று மூன்று பக்கமும் அமெரிக்கா இருக்கும். மோதல் வந்தே தீருமென்றால், சீன மண்ணில் நடப்பதைவிடக் கொரிய மலைகளில் நடப்பதே மேல் என்று அவர் கருதினார். உதடு போனால் பல்லுக்குக் குளிரும் என்ற பழமொழியைச் சீனத் தலைவர்கள் அந்த நாட்களில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

தராசை மாவோ பக்கம் சாய்த்தவர் பெங் தெஹுவாய். ஹூனான் மாகாணத்தின் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது வயது 51. சியான் நகரில் வடமேற்குப் பகுதியின் வளர்ச்சித் திட்டங்களைக் கவனித்துக்கொண்டிருந்தவரை அக்டோபர் 4 அன்று விமானம் அனுப்பி அழைத்துவந்தார்கள். அன்றிரவு முழுவதும் தூக்கமில்லாமல் யோசித்தவர், மறுநாள் கூட்டத்தில் எழுந்து ஆதரித்தார். நாடு மறுபடி சிதைந்தாலும், விடுதலைப் போர் சில ஆண்டு தாமதமாக முடிந்ததாக எண்ணிக்கொள்வோம் என்பது அவர் பேச்சின் சாரம். அக்டோபர் 8 அன்று மாவோ ஆணை பிறப்பித்தார். படைக்குச் 'சீன மக்கள் தொண்டர் படை' என்று பெயர். தளபதி பெங். அமெரிக்காவோடு முறைப்படி போர் அறிவிக்காமல் போரிட அந்தப் பெயர் வழி செய்தது. வந்தவர்கள் அனைவரும் மக்கள் விடுதலை ராணுவத்தின் நிரந்தரச் சிப்பாய்கள்தான்.

கருங்கடல் கரையில் கிடைத்த பதில்

அக்டோபர் 10 வாக்கில் சூ என்லாயும் லின் பியாவும் கருங்கடல் கரையில் ஓய்வில் இருந்த ஸ்டாலினைச் சந்தித்தார்கள். சீனாவின் எதிர்பார்ப்பு எளிமையானது: நாங்கள் ஆள் தருகிறோம், நீங்கள் ஆயுதமும் விமானப் பாதுகாப்பும் தாருங்கள். ஆயுதம் தருகிறேன் என்றார் ஸ்டாலின். ஆனால் சோவியத் விமானங்கள் தயாராக இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார். சோவியத் விமானி ஒருவர் கொரிய வானத்தில் பிடிபட்டாலும் உலகப் போர் மூளும் என்ற அச்சம் அவருக்கு.

செய்தி பெய்ஜிங்குக்கு வந்ததும் மாவோ 12-ஆம் தேதி படை நகர்வை நிறுத்தினார். 13-ஆம் தேதி அரசியல் குழு மறுபடி கூடியது. அதே நாளில், சீனா வராது என்று முடிவு கட்டிய ஸ்டாலின் கிம்முக்கு எழுதிய தந்தி வேறொரு கதையைச் சொல்கிறது: எதிர்ப்பைக் கைவிட்டு மீதமுள்ள படையோடு சீனாவுக்கோ சோவியத் நாட்டுக்கோ வெளியேறுங்கள். ஒரு தோழமை அரசை அப்படியே கைகழுவ மாஸ்கோ தயாராக இருந்தது. அன்று பெய்ஜிங் எடுத்த முடிவு இதற்கு நேர்மாறாக இருந்தது. விமானப் பாதுகாப்பு இல்லாவிட்டாலும் போவோம் என்றார்கள். சேதி கிடைத்ததும் ஸ்டாலின் வெளியேற்ற உத்தரவைத் திரும்பப் பெற்றார்.

இந்த இரண்டு நாட்களும் கம்யூனிஸ்ட் கூட்டணியின் வரலாற்றில் ஒரு திருப்பம். அதுவரை ஸ்டாலினின் முன் மாணவனாக நின்ற மாவோ, அன்று ஆசிரியர் துணியாத காரியத்தைத் துணிந்தார். வானம் எதிரியின் கையில் இருக்க, சிப்பாய்களைத் தரைவழியாக அனுப்பும் துணிச்சல் அது. அதற்கான விலையை யார் தந்தார்கள் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இரவில் நடந்த படை

அக்டோபர் 15 அன்று பசிபிக் பெருங்கடலின் வேக் தீவில் ட்ரூமனும் மெக்ஆர்தரும் சந்தித்தார்கள். சீனா வருமா என்று அதிபர் கேட்டார். வாய்ப்பு மிகக் குறைவு, வந்தாலும் 50,000 அல்லது 60,000 பேருக்கு மேல் யாலுவைத் தாண்டமுடியாது, அவர்களை எங்கள் விமானங்கள் கொன்று குவித்துவிடும் என்றார் தளபதி.

நான்கு நாள் கழித்து, அக்டோபர் 19 அன்று அந்தி சாய்ந்ததும், ஆன்டோங்கிலும் மற்ற இரு கடவுகளிலும் சீனப் படை யாலுவைக் கடக்கத் தொடங்கியது. இன்று தான்தோங் என்று அழைக்கப்படும் நகரம்தான் ஆன்டோங். அதே நாளில் அமெரிக்கத் தலைமையிலான ஐ.நா. படை வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கில் நுழைந்தது. பெங் தன் படைக்கும் முன்னால், ஒரு ஜீப்பில் சில காவலர்களோடு எல்லையைத் தாண்டினார்.

படை நகர்ந்த விதத்தைக் கவனித்தால் சீனப் போர்முறை புரியும். இருட்டியதும் நடை தொடங்கும். விடிவதற்குள் காடுகளிலும் சுரங்கங்களிலும் கிராமத்துக் குடிசைகளிலும் மறைந்துவிட வேண்டும். பகலில் தலைக்கு மேல் விமானம் வந்தால் அசையக் கூடாது. சமையல் புகை எழக் கூடாது. வானொலிச் செய்திகளும் கிடையாது. லாரிகள் மிகக் குறைவு. தோளும் கழுதையும்தான் போக்குவரத்து. நவீனத் தகவல் கருவிகள் இல்லாததால் சிறு பிரிவுகள் ஊதுகொம்பு, விசில், தாளம் ஆகியவற்றால் ஒன்றையொன்று அழைத்தன. இரவில் நாலாபுறமும் எழுந்த அந்த ஊதுகொம்பு ஒலியை எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. கையில் இருந்தவை ஜப்பானியர்களிடமும் சியாங் கை ஷேக்கின் படையிடமும் பறித்த துப்பாக்கிகள். அவற்றுள் அமெரிக்கத் தயாரிப்புகளும் உண்டு.

இதன் பின்னால் மாவோ இருபதாண்டு கால உள்நாட்டுப் போரில் கற்ற பாடங்கள் இருந்தன. நிலத்தைப் பிடித்துவைத்திருப்பது முக்கியமில்லை. எதிரிப் படையை அழிப்பதே முக்கியம். எதிரியை ஆழமாக உள்ளே வரவிடு. அவன் பிரிந்து பரவும்போது, ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து, அங்கே உன் பலத்தைப் பல மடங்கு குவி. முன்னால் மோதிக்கொண்டே பின்வழியை அடை. தொலைவில் எதிரியின் பீரங்கியும் விமானமும் வெல்லும். ஆகவே இரவில், கைக்கெட்டும் தூரத்துக்குப் போய்ப் போரிடு.

அக்டோபர் 25 அன்று முதல் மோதல். சீனா இன்றும் கொரியப் போரின் ஆண்டு விழாவை அந்தத் தேதியில்தான் கொண்டாடுகிறது. நவம்பர் 1 இரவு உன்சான் என்ற இடத்தில் அமெரிக்காவின் 8-ஆவது கேவல்ரி ரெஜிமென்ட்டைச் சீனர்கள் சூழ்ந்தார்கள். அதன் ஒரு பட்டாலியன் கிட்டத்தட்ட அழிந்தது. பிறகு திடீரெனச் சீனப் படை மலைகளுக்குள் மறைந்துபோனது. சுமார் நூறு போர்க் கைதிகளை வேண்டுமென்றே விடுவித்தார்கள். உணவு தீர்ந்து ஓடுகிறோம் என்ற எண்ணத்தை எதிரியிடம் விதைப்பது பெங்கின் நோக்கம். மெக்ஆர்தர் அந்த எண்ணத்தை அப்படியே ஏற்றார். மலைகளுக்குள் இருந்த சீனர்களின் எண்ணிக்கை அதற்குள் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது.

சோங்சோன் நதியும் சாங்ஜின் ஏரியும்

நவம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்குள் பையன்கள் வீடு திரும்பலாம் என்ற பேச்சோடு மெக்ஆர்தர் வடக்கே முன்னேறினார். மறுநாள் இரவே, மேற்கே சோங்சோன் நதிப் பகுதியில், சீனர்கள் வலது பக்கத்தில் இருந்த தென் கொரியப் படைப்பிரிவை நொறுக்கினார்கள். அந்த உடைப்பின் வழியாக 38-ஆவது ராணுவத்தின் 113-ஆவது டிவிஷன் 14 மணி நேரத்தில் 70 கிலோமீட்டருக்கு மேல் மலைவழியாக நடந்து, சம்சோ-ரி என்ற இடத்தில் எதிரியின் பின்வழியை அடைத்தது. விடிந்த பிறகும் அவர்கள் பதுங்கவில்லை. மறைப்புகளைக் களைந்துவிட்டுத் திறந்த சாலையில் நடந்தார்கள். பின்வாங்கும் தென் கொரியர்கள் என்று நினைத்து அமெரிக்க விமானிகள் விட்டுவிட்டார்கள். நவம்பர் 30 அன்று தெற்கே வெளியேற முயன்ற அமெரிக்க 2-ஆவது டிவிஷன், இருபுறமும் சீனர்கள் அமர்ந்திருந்த பள்ளத்தாக்குச் சாலையில் பெரும் சேதம் கண்டது.

நவம்பர் 25 அன்று தேயூ-டோங் என்ற இடத்திலிருந்த பெங்கின் தலைமையகத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் நேபாம் குண்டு வீசின. ரஷ்ய மொழிபெயர்ப்பாளராக வந்திருந்த 28 வயது இளைஞர் அதில் எரிந்து இறந்தார். அவர் மாவோ அன்யிங். மாவோவின் மூத்த மகன். அவருடைய உடல் சீனாவுக்குக் கொண்டுபோகப்படவில்லை. மற்றச் சிப்பாய்களைப் போலக் கொரிய மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கிழக்கே, சாங்ஜின் நீர்த்தேக்கப் பகுதியில் நடந்ததை எழுதும்போது கை நடுங்குகிறது. அங்கே சோங் ஷிலுன் தலைமையில் 9-ஆவது ராணுவத் தொகுதி அனுப்பப்பட்டது. சுமார் ஒன்றரை லட்சம் பேர். கிழக்குச் சீனாவில் தைவான் படையெடுப்புக்காகக் காத்திருந்தவர்கள். மிதமான குளிருக்குத் தைத்த உடையும் கான்வாஸ் காலணியுமாக, அவசரமாக ரயிலேற்றி எல்லைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நீர்த்தேக்க மலைகளில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் அப்பால் இறங்கியது. அமெரிக்க மரீன்களை மறித்துத் தாக்கப் பனியில் படுத்திருந்த சில கம்பெனிகள், உத்தரவு வந்தபோது எழவில்லை. துப்பாக்கியைக் குறிபார்த்தபடியே உறைந்துபோயிருந்தார்கள். உறைபனியால் ஊனமுற்றவர்கள் மட்டும் கிட்டத்தட்ட 30,000 பேர்; குளிரிலேயே இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அந்தத் தொகுதி வசந்தகாலம் வரை மறுபடி போருக்கு எழவில்லை. மரீன்கள் சண்டையிட்டபடியே வெளியேறி ஹுங்னாம் துறைமுகத்தை அடைந்தார்கள். அங்கிருந்து டிசம்பர் 24-க்குள் சுமார் ஒரு லட்சம் சிப்பாய்களும் ஏறக்குறைய அதே அளவு கொரியப் பொதுமக்களும் கப்பலேறினார்கள்.

மேற்கே நடந்த பின்வாங்கலில் நம்மவர்களும் இருந்தார்கள். இந்தியா போரிடப் படை அனுப்ப மறுத்தது, மருத்துவர்களை அனுப்பியது. 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு என்ற அந்தக் குழுவை வழிநடத்தியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். தமிழ் மண்ணிலிருந்து சென்ற மருத்துவர். வந்து சேர்ந்த சில நாட்களிலேயே பியோங்யாங்கைக் காலி செய்யும் நெருக்கடியில் அந்தக் குழு சிக்கியது. கொரியாவில் ஆற்றிய பணிக்காக அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

வெற்றியின் உச்சியில் விழுந்த தவறு

1951 ஜனவரி 4 அன்று சியோல் மறுபடி வட தரப்பின் கைக்கு வந்தது. வரைபடத்தில் பார்த்தால் பெரிய வெற்றி. பெங்குக்கு மட்டும் உண்மை தெரிந்திருந்தது. சிப்பாய்கள் பசியில் இருந்தார்கள். வடகிழக்குச் சீனாவில் வீடுவீடாக மாவை வறுத்து மூட்டை கட்டி அனுப்பினார்கள். பெய்ஜிங்கில் சூ என்லாயே அந்த வேலையில் கைகொடுத்தார். வறுத்த மாவோடு பனிக்கட்டியைச் சேர்த்து விழுங்குவதுதான் முன்னணியில் உணவு. சிப்பாய் தோளில் சுமக்கும் மாவும் தோட்டாவும் ஏறத்தாழ ஒரு வாரம் வரும். அதன் பிறகு தாக்குதல் தானாக ஓயும். எதிர்த்தரப்பில் புதிதாகப் பொறுப்பேற்ற ஜெனரல் ரிட்ஜ்வே இந்த ஒரு வாரக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார். முதலில் பின்வாங்குவது, சீனர்கள் களைத்ததும் பீரங்கியோடு திரும்பிப் பாய்வது என்று அவர் தன் போர்முறையை மாற்றிக்கொண்டார்.

பெங் 37-ஆவது அட்சரேகை அருகே படையை நிறுத்தினார். கிம் கொதித்தார், சோவியத் தூதரும் துரத்தச் சொன்னார். வேண்டுமானால் கொரியப் படை தனியாகப் போகட்டும் என்று பெங் விட்டுக்கொடுக்காமல் நின்றார். இறுதியில் ஸ்டாலினும் பெங்கின் பக்கம் நின்றதால் சச்சரவு அடங்கியது. ஆனால் காயம் ஆறவில்லை. முந்தைய மாதமே சீன-கொரியக் கூட்டுத் தலைமையகம் அமைந்து, வட கொரியப் படையும் பெங்கின் கட்டளைக்குக் கீழ் வந்திருந்தது. சொந்த நாட்டில் சொந்தப் படையின் மேல் அதிகாரம் இழந்ததைக் கிம் மறக்கவே இல்லை.

மாவோ இழைத்த பெருந்தவறு அந்த ஜனவரியில்தான் நேர்ந்தது. இந்தியாவின் பெனகல் ராவ், கனடாவின் பியர்சன், ஈரானின் என்தெஜாம் ஆகிய மூவர் ஐ.நா.வில் ஒரு போர்நிறுத்தத் திட்டத்தை முன்வைத்தார்கள். தைவான், ஐ.நா.வில் சீனாவின் இடம் ஆகியவை பற்றிய பேச்சுக்கும் அதில் வழி இருந்தது. சீனாவுக்கு அதைவிடச் சாதகமான தருணம் பிறகு வாய்க்கவில்லை. வெற்றி மயக்கத்தில் பெய்ஜிங் அதை ஜனவரி 17 அன்று நிராகரித்தது. பிப்ரவரி 1 அன்று ஐ.நா. பொதுச்சபை சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று அறிவித்தது. பிப்ரவரியில் சிப்யோங்-னியில் சீனத் தாக்குதல் முறிந்தது. மார்ச்சில் சியோல் நான்காவது முறையாகக் கைமாறியது. ஏப்ரலில் தொடங்கிய ஐந்தாவது பெருந்தாக்குதல் மே இறுதியில் பெரும் சேதத்தில் முடிந்தது. 180-ஆவது டிவிஷன் சூழப்பட்டு ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். உள்நாட்டுப் போரில் வென்ற முறை, வானமும் கடலும் பீரங்கியும் கையில் வைத்திருந்த படையிடம் தன் எல்லையைத் தொட்டது.

ஜூலையில் பேச்சுவார்த்தை தொடங்கியது. இரண்டாண்டு இழுத்தது. கைதிகளில் நாடு திரும்ப விரும்பாதவர்களை என்ன செய்வது என்பதே கடைசி முட்டுக்கட்டை. அமெரிக்கா கொரியாவில் சிக்கிக் கிடப்பது ஸ்டாலினுக்கு லாபமாக இருந்தது. போரை முடிக்க அவர் அவசரப்படவில்லை. 1953 மார்ச் 5 அன்று அவர் இறந்தார். ஜூலை 27 அன்று பன்முன்ஜோமில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. நாடு திரும்ப மறுத்த கைதிகளைப் பொறுப்பேற்றது ஜெனரல் திம்மையா தலைமையிலான நடுநிலை நாடுகள் ஆணையம். காவல் காத்தது இந்தியப் படை. சீனக் கைதிகள் சுமார் 21,000 பேரில் 14,000-க்கும் மேற்பட்டோர் தைவானைத் தேர்ந்தார்கள். அவர்களில் பலர் முன்பு சியாங் கை ஷேக்கின் படையில் இருந்தவர்கள். முகாம்களில் நடந்த அச்சுறுத்தலும் அந்த எண்ணிக்கையில் கலந்திருந்தது.

கூட்டணியின் விலைச்சீட்டு

சோவியத் யூனியன் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1950 நவம்பர் முதல் சோவியத் விமானிகள் மிக்-15 விமானங்களில், சீனக் குறியீடுகளோடு யாலு நதியின் மேலே ரகசியமாகப் போரிட்டார்கள். பாலங்களையும் பின்வழிகளையும் காத்தார்கள். முன்னணிச் சிப்பாயின் தலைக்கு மேலே மட்டும் அவர்கள் வரவில்லை. 60 டிவிஷன்களுக்கான ஆயுதம் தர மாஸ்கோ ஒப்புக்கொண்டது. அதில் பெரும்பகுதி கடன் கணக்கில் ஏறியது. பிறகு வந்த பெரும் பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மடிந்தபோதும் தொடர்ந்து கட்டி, 1965 வாக்கில்தான் சீனா சோவியத் கடன்களை அடைத்து முடித்தது. கொரியாவில் ரத்தமும் எங்களுடையது, கடனும் எங்களுடையதா என்ற மனக்குமுறல், அறுபதுகளில் இரு கட்சிகளும் வெளிப்படையாகப் பிரிந்தபோது பொங்கி வந்தது.

சீன அரசின் கணக்குப்படி, சுழற்சி முறையில் 29 லட்சம் பேர் கொரியாவுக்குப் போனார்கள்; உயிரிழந்தவர்கள் 1,97,653 பேர். கடைசிச் சீனப் படை 1958 அக்டோபரில் வட கொரியாவிலிருந்து வெளியேறியது. அதற்குள் கிம், சீனாவோடு நெருக்கமாயிருந்த கொரியத் தலைவர்களைக் கட்சியிலிருந்து களையெடுத்திருந்தார். கூட்டுத் தலைமையகத்தில் பெங்கின் துணை அரசியல் ஆணையராக இருந்த பாக் இல்-உவும் அவர்களில் ஒருவர். அமெரிக்காவைத் தடுத்து நிறுத்திய பெங்குக்குத் தன் நாட்டில் கிடைத்தது இன்னும் கொடுமையானது. 1959-இல் லூஷானில் நடந்த கட்சிக் கூட்டத்தில் மாவோவின் பொருளாதாரக் கொள்கையை விமர்சித்ததற்காகப் பதவி இழந்தார். கலாசாரப் புரட்சியில் அடித்து அவமானப்படுத்தப்பட்டு, 1974-இல் காவலிலேயே இறந்தார்.

இந்தப் போரில் சீனா என்ன பெற்றது? யாலு எல்லை காக்கப்பட்டது. நூறாண்டு அவமானத்துக்குப் பின், ஒரு மேற்கத்திய வல்லரசைச் சமநிலையில் நிறுத்திய பெயர் கிடைத்தது. அந்தப் பெருமையைச் சீன மக்கள் உணர்வது இயல்பு. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வரலாறு எழுதுகிறவன் கடமை அங்கே முடிவதில்லை. கிம் தன் ஒருங்கிணைப்புக் கனவுக்காகப் போரைத் தொடங்கினார். ஸ்டாலின் தன் பேரரசின் பாதுகாப்புக்காக அதற்கு அனுமதி தந்து, தூரத்திலிருந்து கவனித்தார். மாவோ தன் எல்லைக்காகவும் புரட்சியின் மானத்துக்காகவும் இறங்கினார். மூவரும் பேசியது ஒரே சித்தாந்த மொழி. ஆனால் மூவரும் போட்டது தனித்தனி அரசுக் கணக்கு. சர்வதேசத் தோழமையை நம்பி உயிர் கொடுத்தவர்கள், கான்வாஸ் காலணியில் பனிமலை ஏறிய விவசாயப் பிள்ளைகளும் வீடிழந்த கொரிய மக்களும் மட்டுமே. சித்தாந்தம் கூட்டணிகளைத் தொடங்கிவைக்கும். அவற்றைக் கட்டிக்காக்கும் வலிமை அதற்கு இல்லை என்பது கொரியா தந்த தீர்ப்பு.

கொரியாவில் கற்ற பாடத்தைச் சீனா தன் அடுத்த அண்டை நாட்டில் வேறு விதமாகப் பயன்படுத்தியது. படை அனுப்பாமல், ஆலோசகர்களையும் பீரங்கிகளையும் அரிசியையும் மட்டும் அனுப்பியது. 1954-இல் தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை வீழ்ந்ததில் சீனாவின் பங்கு என்ன, அதே வியட்நாமோடு 1979-இல் சீனா ஏன் போருக்குப் போனது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)